ஜவ்வரிசிக் களத்தில் ஒன்பது வாரம்

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். தொண்ணூற்றொரு கிலோ உடம்பைப் பார்த்த மாத்திரத்தில், சும்மா இருந்தே சேர்த்தது என்று முடிவு கட்டிவிடுவார்கள். பாதி உண்மைதான். எங்களுக்கு இரண்டு லாரி. லோடு பேசுவது, டிரைவர்களுக்குப் போன் போடுவது, எந்த வண்டி எந்தச் செக்போஸ்ட்டில் நிற்கிறது என்று விசாரிப்பது எல்லாம் இருபது வருஷமாக என் வேலை. உடம்பு ராசிபுரம் பக்கத்தில் ஒரு நாற்காலியில் இருக்கும், மனசு நாக்பூரைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கும். கால் மட்டும் மேசைக்கு அடியில் தட்டிக்கொண்டே இருக்கும். "தையல் மெஷினா ஓட்டற?" என்று வீட்டுக்காரர் கேட்பார்.

போன பங்குனியில் ஒரு மத்தியானம் வலது விலாவுக்குக் கீழே ஒரு வலி வந்தது. வாயுத் தொல்லை என்று ஓமத்தண்ணீர் குடித்தேன், பெருங்காயம் குடித்தேன், கடைசியில் தரையில் உருண்டேன். சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பித்தப்பையில் கல் என்றார் அறுவை டாக்டர். ஒன்றிரண்டல்ல, ஒரு கைப்பிடி. பையையே எடுத்துவிட வேண்டும், நாலு சின்ன ஓட்டைதான், இரண்டு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்ததோ என்னவோ, "இதய டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிட்டு வந்துடுங்க, மயக்கம் கொடுக்கணும் இல்லையா" என்றார்.

இதய டாக்டரின் அறையில் ஓடும் பெல்ட் ஒன்று இருந்தது. நெஞ்சில் வட்ட வட்டமாக ஒட்டி, ஒயர் மாட்டி, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் சொருகச் சொல்லி, அதன்மேல் ஏற்றினார்கள். முதலில் சுலபமாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பெல்ட் தலையைத் தூக்கியது. மேடு. நாலு அடி வைப்பதற்குள் என் வாய் திறந்துகொண்டது, காதுக்குள் இடித்தது, கம்பியைப் பிடித்த கை வழுக்கியது. "போதும் போதும் நிறுத்துங்க" என்று கத்தினேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் கடிகாரத்தைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நெஞ்சில் அடைப்பு எதுவும் இல்லை என்றார் டாக்டர். எக்கோவும் நன்றாகத்தான் இருந்தது. ரத்தக் கொதிப்பு இருந்தது, அதற்கு மாத்திரை எழுதினார். "ஆனா உங்க இதயத்துக்கு வேலை செஞ்சு பழக்கமே இல்லைம்மா. இந்த நிலைமையில மயக்கம் கொடுக்க நான் கையெழுத்துப் போடமாட்டேன். நடங்க, பயிற்சி பண்ணுங்க, எடையையும் கவனிங்க. அப்புறம் வாங்க, பார்ப்போம்." கல் அதுவரை சும்மா இருக்குமா என்று கேட்டேன். இருக்கலாம் என்றார். நகர்ந்து குழாயை அடைத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். அப்போது அவசரமாக அறுக்க வேண்டியிருக்கும், அது வேறு கதை என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அழுத்தினார்.

அந்த வேறு கதை என் மண்டைக்குள் புகுந்துகொண்டது. கல் முந்துமா, என் நெஞ்சு முந்துமா? சோறு தின்னும்போதும் அதே யோசனை, போனில் டிரைவரிடம் பேசும்போதும் அதே யோசனை. விலாவில் சின்னதாகக் குத்தினாலும் எழுந்து நின்றுவிடுவேன். நின்று என்ன செய்வது? தெரியாது. திரும்ப உட்காருவேன்.

முதலில் மொட்டைமாடியில் எட்டுப் போட்டு நடந்தேன். சுண்ணாம்பால் பெரிய எட்டு ஒன்று வரைந்து, அதன் கோட்டின் மேலேயே வளைந்து வளைந்து நடப்பது. ஊரில் பாதிப் பேர் நடக்கிறார்கள். நான் காதில் போனை வைத்துக்கொண்டு, டிரைவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன். பதினைந்து நாளில் தலை சுற்றப் பழகியதுதான் மிச்சம். வியர்வை வரவில்லை, மூச்சு வாங்கவில்லை. நெஞ்சுக்கு நான் நடப்பதே தெரிந்திருக்காது.

அப்போதுதான் வீட்டுக்காரர் காரியத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பரீட்சை உண்டு. வண்டி ஓடத் தகுதியாக இருக்கிறது என்று காட்டி எஃப்.சி. வாங்க வேண்டும். எங்கள் பக்கம் அதற்குத் தயார் செய்வது ஒரு கல்யாண வேலை மாதிரி. தேதிக்கு ஒரு வாரம் முன்பே வண்டியை ஓட்டத்திலிருந்து நிறுத்திவிடுவார்கள். பட்டறையில் விட்டு நசுங்கலைத் தட்டி, பட்டி போட்டு, பெயின்ட் அடிப்பார்கள். தேய்ந்த டயரைக் கழற்றிவிட்டு, தெரிந்தவர் வண்டியிலிருந்து நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவார்கள். வண்டி மாப்பிள்ளை மாதிரிப் போய் நின்று, தேர்வாகி வரும். மறுநாள் டயர் அதன் வீட்டுக்குப் போய்விடும். எங்கள் வீட்டுக்காரர் இந்த வேலையில் கெட்டிக்காரர். அடுத்த ஊர்க்காரர்கள்கூட அவரிடம் யோசனை கேட்டு வருவார்கள்.

"டாக்டரு என்ன கேக்கறாரு? ஒரு நாளு அந்த மெஷின் மேல ஏறிக் காட்டணும், அவ்வளவுதானே? தேதி வாங்கிருவோம். அதுக்குள்ள வண்டியத் தயார் பண்ணிரலாம்" என்றார்.

வண்டி என்றது என்னை. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நானும் இருபது வருஷம் லாரியோடு குடும்பம் நடத்தியவள்தானே, அவர் சொன்னது எனக்கு நியாயமாகவே பட்டது. இன்னும் சொல்லப்போனால் நிம்மதியாகக்கூட இருந்தது.

மூன்று வாரம் தவணை. காலையில் கொள்ளு ரசம், மத்தியானம் மோர், ராத்திரி பப்பாளி. சோற்றைக் கண்ணில் காட்டவில்லை. பசியில் யார்மேல் எரிந்து விழுகிறேன் என்றே தெரியாமல் எரிந்து விழுந்தேன். ஒரு டிரைவர், "அக்காவுக்கு என்னாச்சுங்க, பேசவே பயமா இருக்குது" என்று வீட்டுக்காரரிடம் தனியாகக் கேட்டானாம். கடைசிப் பத்து நாள் முழு ஓய்வு. மாடிப்படி ஏறக்கூடாது, அடுப்படிக்குப் போகக்கூடாது, துணி துவைக்கக்கூடாது. "நெஞ்சுக்கு ரெஸ்ட்டு குடுத்துச் சேத்து வெச்சாத்தான் அன்னிக்கு நல்லா இழுக்கும்" என்றார். கட்டிலில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன். என்னை மாதிரி ஆளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. கால் கட்டிலின் சட்டத்தை உதைத்துக்கொண்டே இருந்தது.

அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவருடைய அண்ணன் ஐம்பத்திரண்டு வயதில், காலையில் வேகமாக நடந்துகொண்டிருக்கும்போதே மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்துபோனார். அன்றிலிருந்து, நெஞ்சு என்பது எண்ணித் தரப்பட்ட துடிப்பு, வேகமாகச் செலவழித்தால் சீக்கிரம் தீர்ந்துவிடும் என்று ஒரு பயம் இவருக்கு. அதை அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் மாடிப்படி ஏறும்போது கீழே நின்று பார்ப்பார், அவ்வளவுதான்.

தேதி வந்தபோது எண்பத்து நாலு கிலோ. ஏழு கிலோ போயிருந்தது. எடை மெஷினில் என்னை ஏற்றி, தள்ளி நின்று, பட்டறையிலிருந்து வந்த வண்டியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். சொந்தக்காரர்கள் பத்துப் பேருக்காவது போன் போட்டுச் சொல்லியிருப்பார். நானும் பழைய ரவிக்கை ஒன்றைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு போனேன்.

பெல்ட் ஓடியது. தலையைத் தூக்கியது. போன தடவை நிறுத்தச் சொன்ன இடம் வருவதற்கு முன்பே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

டாக்டர் இந்தத் தடவை மணியை அழுத்தவில்லை. என்ன சாப்பிட்டேன், என்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டுக்காரர் பெருமையாகவே ஆரம்பித்து, பாதியில் குரல் இறங்கி, கடைசியில் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தார். "எடை குறைஞ்சிருக்கு, ஒத்துக்கறேன். கொழுப்பு மட்டும் போகலை, தொடைச் சதையும் சேர்ந்து போயிருக்கு. இதயமும் சதைதாங்க. படுக்க வெச்சா அதுவும் படுத்துக்கும். பட்டினி கிடந்தா எடை குறையும். ஆனா மூச்சு வாங்காம இதயம் தேறாது" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்மா, உங்களுக்குத் தோணலையா?" என்றார்.

தோன்றவில்லை என்று எப்படிச் சொல்வது? என் உடம்பு, நான்தான் அதற்குள் குடியிருக்கிறேன். ஆனால் எண்பத்து நாலு என்று மெஷின் காட்டியதும் நானும் கையைத் தட்டியவள்தான். திரும்பும் வழியில் மல்லூர் தாண்டியதும் வீட்டுக்காரர், "ஒரு டீ குடிக்கலாமா?" என்றார். வேண்டாம் என்றேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது, எல்லாவற்றையும்விடப் பயம் வந்தது. மூன்று வாரம் போய்விட்டது. கல் அங்கேயே இருந்தது.

டாக்டர் பயிற்சி கற்றுக்கொடுக்க ஒரு பெண்ணிடம் அனுப்பியிருந்தார். கழுத்தில் சின்னச் சிலுவை போட்ட சேலத்துப் பெண், முப்பது வயதுகூட இருக்காது. பேச்சில் தேன் கிடையாது. "அம்மா, எட்டுப் போட்டு நடக்கிறப்போ போன் பேசினீங்களா?" என்று கேட்டாள். பேசினேன் என்றேன். "எவ்வளவு நேரம்?" முழு நேரமும் என்றேன். "அப்போ அது நடை இல்லை. நடக்கும்போது ரெண்டு வார்த்தை பேச முடியணும், ஒரு பாட்டுப் பாட முடியக்கூடாது. அந்த வேகம் வேணும்."

அவள் எனக்கு மூன்று விதமான வேலை கொடுத்தாள். முதலாவது, அந்தப் பாட முடியாத நடை, தினமும் அரைமணி நேரம். கொதிப்பு அடங்க அது வேண்டும் என்றாள். இரண்டு வாரம் அது பழகின பிறகு, வாரத்தில் மூன்று நாள் வேகமும் மெதுவுமாக மாற்றி மாற்றி. கொஞ்ச தூரம் முடிந்த மட்டும் வேகம், பிறகு மூச்சு அடங்கும் வரை மெது நடை, மறுபடி வேகம். இதயத்தை ஒரேயடியாக இழுக்காமல், இழுத்து இழுத்து விட்டுப் பழக்குவது. மூன்றாவது, நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரைத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்குவது. இது எதற்கு, நான் என்ன பயில்வானா என்று கேட்டேன். "கால் சதைக்கு வலு இருந்தா அதுவே பாதி வேலையைச் செஞ்சுக்கும். இல்லேன்னா எல்லாத்தையும் இதயத்துத் தலையில கட்டும்" என்றாள். தூக்கும்போது மூச்சை அடக்கினேன். தோளில் தட்டி, "விடுங்க, மூச்சை விடுங்க. அடக்கினா கொதிப்பு சர்ருனு ஏறும்" என்றாள். நெஞ்சு கனத்தாலோ, தலை சுற்றினாலோ, அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும் என்பதை மட்டும் என்னைத் திரும்பச் சொல்ல வைத்து மூன்று தடவை கேட்டுக்கொண்டாள்.

வீட்டுக்காரரிடம் நடை என்று மட்டும் சொன்னேன். வேகம் என்ற வார்த்தையை எடுத்தாலே அவர் முகத்தில் அவருடைய அண்ணன் வந்துவிடுவார்.

இரண்டு வாரம் நடை பழகி, வேகத்தின் முறை வந்தது. எங்கே ஓடுவது? தார்ரோட்டில் ஓடினால் பஸ்ஸில் போகிறவன்கூட ஜன்னலில் தலையை நீட்டிச் சிரிப்பான். எங்கள் தோட்டத்தை ஒட்டி என் சித்தப்பா மகனின் கோழிப்பண்ணை இருக்கிறது. நீள நீளமாக நாலு கொட்டகை. இரண்டு கொட்டகைக்கு நடுவில் ஒரு சந்து, யார் கண்ணிலும் படாது. புடவைமேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, மகள் வாங்கி அனுப்பிய ஷூவை மாட்டிக்கொண்டு, விடிந்ததும் அங்கே போனேன். முதல் நாள் வேகமாக எட்டு வைத்ததும் இரண்டு பக்கமும் ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் வாயை மூடின. அந்த அமைதி எனக்கே ஒரு மாதிரி இருந்தது. அப்புறம் எல்லாம் சேர்ந்து கத்திய கத்தலில் கொட்டகை அதிர்ந்தது. அஞ்சு நாள் சித்தப்பா மகன் பொறுத்தான். ஆறாவது நாள் சந்து முனையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"அக்கா, தப்பா நெனைச்சுக்காதீங்க. நீங்க ஓடறதப் பாத்துக் கோழி மெரளுதுங்க. முட்ட கொறையுது."

"நடந்தா?"

"நடந்தா பரவால்லீங்க. ஓடுனாத்தான்..." என்று இழுத்தான். பாவம், அவனுக்குச் சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. "நம்ம ஜவ்வரிசி ஆலைக்குப் பொறத்தாண்ட களம் சும்மாத்தானுங்க்கா கெடக்குது. இப்ப சீசனும் இல்ல. அங்க போயி எவ்வளவு வேணும்னாலும் ஓடுங்க, கேக்க நாதியில்ல."

நாமகிரிப்பேட்டை ரோட்டில் அந்த ஆலை. மாவைக் காயப் போடுகிற சிமென்ட் களம், ஒரு பக்கம் நின்றால் மறுபக்கம் ஆள் சிறியதாகத் தெரிகிற அளவுக்கு அகலம். மரவள்ளிக் கிழங்கு வராத மாதங்களில் காக்காய்கூட வராது. சிமென்ட்டில் கட்டம் கட்டமாகக் கோடு இருந்தது. ஒரு கட்டம் ஓட்டம், மூன்று கட்டம் நடை என்று ஆரம்பித்தேன். ஓட்டம் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன். பார்த்தவர்கள் யாராவது இருந்தால், ஆட்டுக்குட்டியைத் துரத்துகிற பொம்பளை என்று நினைத்திருப்பார்கள். முதல் வாரம் நாலாவது கட்டத்தில் முட்டியில் கை ஊன்றி நின்றேன். நெஞ்சு காதுக்குள் வந்து இடித்தது. இப்படியே போய்விட்டால்? சட்டையும் ஷூவுமாக இந்த வெறும் களத்தில் கிடப்பேன், அவர் வந்து பார்ப்பார், பொய் சொல்லிவிட்டு வந்தாளே என்று நினைப்பார். அப்புறம் மூச்சு அடங்கியது. அடங்குகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது. மறுபடி ஓடினேன்.

ஆனியில் காற்று ஆரம்பித்தது. சட்டை பலூனாக உப்பும். எதிர்க்காற்றில் ஓடுவது ஒரு வேலை, முதுகுக் காற்றில் ஓடுவது இன்னொரு வேலை. பொறுமை இல்லாத எனக்கு இந்தப் பயிற்சி பிடித்துவிட்டது. அரைமணி நேரம் ஒரே சீராக நடப்பதென்றால் எனக்கு எரிச்சல் மண்டும். இதிலோ ஒன்று சலிப்பதற்குள் இன்னொன்று வந்துவிடும். இரண்டு கட்டம் ஓடி இரண்டு கட்டம் நடந்தேன். பிறகு மூன்று ஓடி இரண்டு நடந்தேன். வீட்டில் டிரைவரிடம் பேசும்போது எழுந்து உட்கார்ந்து எழுந்து உட்கார்ந்து பேசினேன். "ஏனுங்க்கா மூச்சு வாங்குது, சண்டையா?" என்று ஒருத்தன் கேட்டான். காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணுவேன். ஆரம்பத்தில் தொண்ணூறைத் தாண்டி இருந்தது, ஆடி பிறக்கும்போது எழுபத்தாறுக்கு வந்துவிட்டது. தப்பாக எண்ணியிருப்பேன் என்று மறுபடி எண்ணுவேன். மறுபடியும். ஒரு நாள் ஏழு தடவை எண்ணினேன்.

எடை மட்டும் ஏறியது. சோறு சாப்பிட ஆரம்பித்திருந்தேனே. எண்பத்தைந்து, எண்பத்தாறு, எண்பத்தேழு. ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்காரர் என்னை மெஷினில் ஏற்றிக் குனிந்து பார்ப்பார். எண்பத்தேழைப் பார்த்த அன்று நிமிராமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"தெனமும் நடக்கறேன்னு போற. எங்க போற, என்ன பண்ற? அந்தக் கல்லு உள்ள கெடக்குது புள்ள. வெளையாட்டா இது?"

"நெஞ்சு தேறியிருக்குதுங்க. எனக்குத் தெரியுது."

"ஒனக்கு என்ன தெரியும்? மெஷினு எண்பத்தேழு காட்டுது."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மெஷினைக் காலாலேயே தள்ளினேன். அது வழுக்கிக்கொண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. "மெஷினு, மெஷினு! அதத்தான் கட்டிக்கிட்டீங்களா?" என்று கத்திவிட்டேன். அவர் வெளியே போய் லாரியின் முன்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மெஷினை எடுத்துப் பரண்மேல் போட்டேன். அதற்காகக் கட்டிலில் ஏறி இறங்கினேன். இறங்கிய பிறகும் மூச்சு வாங்கவில்லை. அதை அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும் போல இருந்தது, ரோஷத்தில் சொல்லவில்லை.

டாக்டர் அடுத்த தேதியை ஆவணியில் கொடுத்திருந்தார். ஆடி கடைசி ஞாயிறு எங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு. எண்ணெய், கறி எதையும் தொடாதே என்று சொல்லியிருந்தார்கள். பந்தியில் உட்கார்ந்து ரசமும் சோறும்தான் சாப்பிட்டேன். பக்கத்து இலையில் குடல் கறி வைத்தார்கள். நாலு மாதம் வாயைக் கட்டியவள், ஒரே ஒரு கரண்டி என்று கையை நீட்டினேன். அந்த ஒரு கரண்டிதான் காரணமா, இல்லை அது எப்படியும் அன்றைக்கு நகர இருந்ததா, எனக்குத் தெரியாது. என்னை நானே திட்டிக்கொள்ள அந்தக் கரண்டி இன்றைக்கும் உதவுகிறது.

பந்தி முடிந்து கை கழுவும்போது பிடித்தது. முதல் தடவை வந்த வலி இதற்குப் பக்கத்தில் நிற்காது. முதுகில் குத்தி முன்னால் வந்தது. வாந்தி எடுத்தேன், குளிர் எடுத்து உதறியது. காரில் போட்டுக்கொண்டு சேலம் போனார்கள். பித்தப்பை சீழ் கட்டிக்கொண்டிருக்கிறது, இன்றைக்கே எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளேயே உடையும் என்றார் அறுவை டாக்டர். இதய டாக்டர் ஊரில் இல்லை. பெல்ட்டில் ஏற்ற நேரமும் இல்லை, நான் ஏறும் நிலையிலும் இல்லை. மயக்கம் கொடுக்கும் டாக்டரம்மா ஒருத்தர் வந்தார். கொதிப்பைப் பார்த்தார், ஈ.சி.ஜி.யைப் பார்த்தார், பழைய காகிதங்களைப் புரட்டி அந்த இரண்டாவது பரிசோதனையின் தாளில் நின்றுவிட்டார். என்னையும் பார்த்தார், கட்டிலின் அகலத்தையும் பார்த்தார்.

வீட்டுக்காரரிடம் ஒரு படிவத்தை நீட்டினார். மயக்கத்தில் இதயம் தாங்காமல் போகலாம், தெரிந்தே சம்மதிக்கிறோம் என்று அதில் இருந்தது. லாரிக்கு எத்தனையோ தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டவர் இவர். இதைப் படித்தார். முடித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார். பேனா கையில் இருந்தது, தாளில் படவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க" என்றார் டாக்டரம்மா. "இவங்க ரெண்டு மாடி நிக்காம ஏறுவாங்களா? ஏறுவாங்கன்னா இதயம் ஓரளவு தாங்கும்."

அவர் வாயைத் திறந்தார். எண்பத்து நாலைச் சொல்லலாம், எண்பத்தேழைச் சொல்லலாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இரண்டு எண்கள்தான். நான் கட்டிலில் சுருண்டு கிடந்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லப்போகிறார், "அவளால ஆகாதுங்க" என்று சொல்லப்போகிறார், இந்த அம்மா காகிதங்களை மூடிவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு எழுதப்போகிறார் என்று எனக்குப் பதறியது. கத்த வேண்டும் போல இருந்தது. வலியில் பல்தான் கிட்டித்தது.

அவர் குனிந்து என் காதருகே வந்தார். கண் சிவந்திருந்தது.

"ஏம்புள்ள," என்றார். "ஏறுவியா?"

டாக்டரிடம் கேட்டிருக்கிறார், மெஷினிடம் கேட்டிருக்கிறார், பத்துச் சொந்தக்காரர்களிடம் போனில் கேட்டிருக்கிறார். என்னால் முடியுமா என்று என்னிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"ஏறுவேனுங்க," என்றேன். "நான் நடக்கப் போகலீங்க. ஓடப் போனேன். ஆலக் களத்துல, ஒம்பது வாரமா. ஒங்களுக்குப் பயம்னு சொல்லல. மூணு கட்டம் ஓடறேன், ரெண்டு நடக்கறேன், மறுக்கா ஓடறேன். ரெண்டு மாடி ஏறுவேன். நிக்காம ஏறுவேன்."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஓடினாயா என்று திட்டுவார் என்று நினைத்தேன். அண்ணன் அந்த நேரத்தில் அவர் கண்ணில் வந்தாரா, வந்து போனாரா, எனக்குத் தெரியாது. நிமிர்ந்து டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

"ஏறுவேங்கறாளுங்க," என்றார். மறுபடி சொன்னார். "அவ ஏறுவேன்னா ஏறுவாளுங்க."

தாளைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது, அடக்க முடியவில்லை. வலி தாங்காமல் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு டாக்டரம்மா என் நெற்றியில் கை வைத்து, ஊசியைச் சீக்கிரம் எடுத்து வரச் சொன்னார்.